பால்கனியில் நின்ற நிருபர்கள்

கென்டக்கி மாநிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த கறுப்பினக் குடும்பத்தில் 1906இல் பிறந்தவர் ஆலிஸ் டனிகன். பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு வாஷிங்டனில் நிருபரானார். கறுப்பினப் பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் அசோசியேட்டட் நீக்ரோ பிரஸ்தான் அவருடைய நிறுவனம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் செய்தியாளர் மாடத்துக்கு அவர் அனுமதி கேட்டபோது, முதலில் நம்பிக்கை இழந்தவர் அவருடைய முதலாளி கிளாட் பார்னெட். கறுப்பின ஆண்களுக்கே கிடைக்காதது ஒரு பெண்ணுக்கா கிடைத்துவிடும் என்பது அவர் கேள்வி.

1947இல் கிடைத்தது. வெள்ளை மாளிகைக்கும் அனுமதி வந்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான்.

மறு ஆண்டு அதிபர் ட்ரூமன் ரயிலில் மேற்கு மாநிலங்களுக்குப் புறப்பட்டார். பெண்ணுக்கு ஏற்ற பயணம் அல்ல என்று பார்னெட் செலவை ஏற்க மறுத்தார். டனிகன் தன் செலவிலேயே போனார். வையோமிங்கின் ஷையன் நகரில் மற்ற நிருபர்களோடு ஊர்வலத்தில் நடந்தவரை, இவர் நிருபராக இருக்க முடியாது என்று எண்ணி ஒரு ராணுவ அதிகாரி பிடித்துத் தள்ளினார். 1953இல் செனட்டர் டாஃப்டின் இறுதிச் சடங்குக்குச் செய்தி சேகரிக்கப் போனபோது, வேலைக்காரர்களுக்கான இருக்கையில் உட்கார வைத்தார்கள். சம்பளமோ, திங்கள்வரை தாக்குப்பிடிக்கச் சனிக்கிழமைதோறும் கைக்கடிகாரத்தை அடகு வைக்கும் அளவுக்குத்தான்.

அதிபர் ஐசனோவரிடம் இன உரிமை பற்றி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், அவர் இணங்கவில்லை. பிறகு அதிபர் அவர் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். சிகாகோ டிஃபென்டர் பத்திரிகையின் கறுப்பினப் பெண் நிருபர் ஈதல் பெய்னுக்கும் அதே கதி. மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணங்களில் இனப் பாகுபாட்டை எப்போது ஒழிப்பீர்கள் என்று அவர் 1954இல் கேட்டார். ஐசனோவர் கோபமாகப் பதில் சொன்னார்.

நேஷனல் பிரஸ் கிளப்பின் கதை இன்னும் கசப்பானது. 1908இல் ஆண்களுக்காகத் தொடங்கிய அந்த மன்றம், 1955இல் லூயி லாட்டியர் என்ற கறுப்பின ஆணைச் சேர்த்துக்கொண்டது. பெண்களுக்கு அப்போதும் இடமில்லை. உலகத் தலைவர்கள் பேசும் மதிய விருந்துக்கு வந்தால், அவர்கள் பால்கனியில் நெருக்கியடித்து நின்று குறிப்பெடுக்க வேண்டும். சாப்பாடு கிடையாது, கேள்வி கேட்கவும் கூடாது. தென்மாநிலத் திரையரங்குகளில் கறுப்பினத்தவரை ஒதுக்கியதும் பால்கனிக்குத்தான்.

1963 ஆகஸ்டில், கறுப்பினத்தவரின் உரிமைக்கான வாஷிங்டன் பேரணிக்குச் சில நாட்களே இருந்தன. பேரணியின் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் அதே மன்றத்தில் பேச ஒப்புக்கொண்டார். கறுப்பின வழக்கறிஞர் பாலி முர்ரே அவருக்குக் கடிதம் எழுதினார்: பெண்ணைப் பால்கனிக்கு அனுப்புவது, கறுப்பினத்தவரைப் பேருந்தின் பின்னிருக்கைக்கு அனுப்பும் அதே அவமதிப்புதான். ராண்டால்ஃப் போய்ப் பேசினார். சமத்துவத்துக்காக வாழ்நாளெல்லாம் போராடியவர் அவர். அவர் கண்ணுக்கே அந்தப் பால்கனி உறுத்தவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் இடம்.

மன்றம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1971இல்.

செய்தியறைகளை ஆராய்பவர்கள் பெண்கள் எத்தனை பேர், கறுப்பினத்தவர் எத்தனை பேர் என்று தனித்தனியே எண்ணி நிறுத்திவிடக் கூடாது. அந்த இரண்டு கணக்கிலும் டனிகனும் பெய்னும் மறைந்துபோவார்கள்.