பழனிமலை மனைகளும் பாடவேறுபாடும்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் பாடவேறுபாடுகளைப் பிழையெனத் தள்ளிவிடுவதில்லை. ஒரு நூல் எக்காலத்தில், எவர் கையில், எவ்வாறு வழங்கிற்று என்பதற்கு அவையே சான்றாகும். பழங்கட்டடங்களில் பிற்காலத்தார் செய்த மாற்றங்களையும் இம்முறையில் ஆராயலாம். கோடைக்கானல் மனைகளைக் கொண்டு இதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மனைகள் ஆங்கில நாட்டுப்புற மாளிகைகளின் படிகள் என்பர் பலர். மூலம் திரிபின்றி நிற்கப் படி மட்டும் திரிந்தது என்பது இக்கூற்றின் உட்கிடை. இது பொருந்துமா? ஹாம்ப்ஷயரிலுள்ள ஹைகிளியர் மாளிகையை நோக்குவோம். வின்செஸ்டர் ஆயர்களின் பழைய இருக்கை இருந்த இடத்தில் 1679இல் செங்கல் மனையொன்று எழுந்தது. பின்னர் அது ஜார்ஜ் காலப் பாணிக்கு மாற்றப்பெற்றது. 1842 முதல் சார்லஸ் பாரி என்னும் கட்டடக்கலைஞர் அதற்குக் கற்போர்வையும் கோபுரங்களும் அமைத்தார். உள்வேலை 1878இல்தான் முற்றுப்பெற்றது. எனவே, மூலம் எனப்படுவதும் பல கைகள் திருத்திய ஏடே என்பது தெளிவாகும்.

அப்பெயரை நினைவூட்டும் ஹைகிளெர்க் என்னும் மனை கோடைக்கானலிலும் உண்டு. விடுதியாக இருந்த அது, 1901இல் மார்கரெட் எடி அம்மையார் தொடங்கிய பள்ளிக்கு இடமாயிற்று. இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி அதன் வளர்ச்சியே. மனை கட்டியோர் கருதிய பயன் ஒன்று; காலம் அதற்குக் கொடுத்த பயன் மற்றொன்று.

இவ்வூரின் தொடக்கமும் நோக்கத்தக்கது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்கச் சமயத்தொண்டர்கள் நோய்க்கு அஞ்சி முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் வருத்தவே, பழனிமலை ஏறி, 1845இல் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரு மனைகளைக் கட்டினர். மதுரை ஆட்சியராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863இல் ஏரியை அமைத்தார். 1867இல் ஓய்வுபெற்றபின் பாம்பார் மனையில் குடியேறினார்.

இனி, அமைப்பினைக் காண்போம். சமவெளிப் பங்களாவின் தாழ்வாரம் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுவது. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் வேண்டப்படுவது இதற்கு மறுதலை: வெயில் வரவேண்டும், பனிக்காற்று வருதல் கூடாது. ஆகவே, மலைமனைகளில் தாழ்வாரம் கண்ணாடியிட்டு மூடப்பெற்று வெயில் காயும் அறையாயிற்று. கணப்பும் புகைபோக்கியும் இடம்பெற்றன. தாழ்வாரம் இந்நாட்டுப் பாடம். புகைபோக்கி அந்நாட்டுப் பாடம். இரண்டும் ஒரே ஏட்டில் கலந்து நிற்கின்றன. கொடுக்கல் ஒருபக்கத்தது அன்று. வங்க நாட்டுப் பெயர்கொண்ட பங்களா, 1869-70இல் கெண்ட் கடற்கரையிலுள்ள வெஸ்ட்கேட்டில் ஆங்கிலேயர் வீடாகவும் எழுந்தது.

குளிர்கால மனையமைதி தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நிழலளந்து திசைகுறித்து மனைவகுக்கும் முறையையும், வாடைக்கு அஞ்சிச் சாளரக் கதவடைத்துத் தடவில் தீக்காய்வதையும் கூறுகின்றது. கணப்பு என்று நாம் இன்று வழங்கும் பொருளுக்கு உறவான சொல் சங்கநூலிலேயே உள்ளது.

மோட்டார்ப் பாதை 1916இல் திறக்கப்பெறும் வரை, மலைமேல் கிடையாத கட்டுமானப் பொருளெல்லாம் பெரியகுளம் பக்கத்து ஒற்றையடிப் பாதைவழியே ஏற வேண்டியிருந்தது. சுமந்தோர், கல் கொத்தியோர், மரம் இழைத்தோர் பெயர்கள் எந்த மனையின் முகப்பிலும் இல்லை. அவர்தம் கைத்திறனுக்குச் சான்று சுவரும் கூரையுமே. தொழிற்சொற்களுக்குச் சான்று அவர் வழியினர் நாவே.

பழமனைகள் இடிபடுதலும் உருமாறுதலும் இன்று நம் கண்முன் நிகழ்கின்றன. மாற்றம் தவறன்று, பதிவின்றி மாறுதலே இழப்பு. ஆங்கிலேயர் வீடு, நமக்கென்ன என்று தமிழாராய்ச்சியாளர் ஒதுங்கின், நம் கொத்தரும் தச்சரும் எழுதிய ஏட்டினை நாமே ஒதுக்கியவராவோம். முதுகலை மாணவர் மலையேறி, மனைகளை அளந்து, முதியோரிடம் தொழிற்சொற்களைத் தொகுத்தல் வேண்டும். ஏடு அழிந்தபின் பாடம் தேடுதல் பயனில் முயற்சியாகும்.