கச்சேரி வாசலிலிருந்து நேர்காணல் அறைக்கு: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வேலைத் தேர்வின் வரலாறு

பழைய சென்னை மாகாணத்தின் வருவாய்க் கச்சேரிகளில் உமேதுவார் என்று சிலர் இருந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, நியமன உத்தரவும் இல்லை. குமாஸ்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து நகல் எழுதுவார்கள், கணக்குக் கூட்டுவார்கள், சொன்ன வேலையெல்லாம் செய்வார்கள். என்றைக்காவது ஓர் இடம் காலியாகும்போது தம் பெயர் மேலதிகாரியின் நினைவுக்கு வரவேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. அந்தப் பெயரே நம்பிக்கையைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

நேர்காணலின் வரலாற்றை இந்த வாசலிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதுகிறேன். இன்று அரைமணி நேரத்தில் முடிகிற மதிப்பீடு அன்று ஆண்டுக்கணக்கில் நீண்டது. அளவுகோல் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. கச்சேரியின் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தாருக்கு வேண்டியவரா, கையில் யாருடைய சிபாரிசுக் கடிதம் இருக்கிறது, அப்பா எந்தக் கச்சேரியில் இருந்தார் என்பவையே தகுதிகள். சித்தூர் அப்போது வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி மாவட்டமாகி, வடஆர்க்காட்டின் தலைநகரம் வேலூருக்குப் போனது. கலெக்டர் கச்சேரி ஓர் ஊரில் இருந்தால் அதைச் சுற்றி வக்கீல்கள், மனு எழுதுபவர்கள், உமேதுவார்கள் என்று ஒரு வாழ்க்கையே உருவாகிவிடும். அந்த வாழ்க்கைக்குள் உறவினர் இல்லாதவனுக்கு உள்ளே நுழையும் வழி தெரியாது.

இந்த ஏற்பாடு யாருக்குப் பயன்பட்டது என்பதற்கு எண்கள் இருக்கின்றன. 1912இல் சென்னை மாகாணத்தின் மாவட்ட முன்சீப்களில் 72.6 விழுக்காட்டினரும், டெபுடி கலெக்டர்களில் 55 விழுக்காட்டினரும் பிராமணர்கள். மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ மூன்று விழுக்காடு. ஆங்கிலக் கல்வியில் முந்திக்கொண்டது ஒரு காரணம். உள்ளே இருப்பவர் தமக்குத் தெரிந்தவரையே அழைப்பார் என்பது அதே அளவு வலுவான இன்னொரு காரணம்.

இதை உடைக்க முயன்றவர்களில் முதன்மையானவர் இதே வட்டாரத்துக்காரர். பானகல் அரசர் என்று அறியப்பட்ட ராமராயநிங்கார் 1866இல் காளஹஸ்தியில் பிறந்தார். இன்று அவ்வூர் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவராகி, 1921 முதல் 1926 வரை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். 1921 செப்டம்பரில் வெளிவந்த வகுப்புவாரி அரசாணையைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிடக் கவனிக்கத் தக்கதாகப் படுவது அவருடைய ஆட்சியில் 1924இல் அமைந்த பணியாளர் தேர்வு வாரியம். பணியிடம் எந்தச் சமூகத்துக்கு என்று அரசாணை பேசியது; அந்த இடத்துக்கு ஆளைப் பொறுக்குவது யார் என்ற கேள்வியை வாரியம் எடுத்துக்கொண்டது. துறைத்தலைவர் ஒருவரின் விருப்பத்தில் இருந்த அதிகாரம், பலர் கூடி உட்காரும் ஒரு மேசைக்கு நகரத் தொடங்கியது. இப்போது நாம் 'போர்டு' என்று சொல்கிற அந்த மேசை இந்தப் பகுதிக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தது.

1929இல் சட்டத்தின் வழியாக சென்னைப் பணித்தேர்வு ஆணையம் நிறுவப்பட்டது. இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. அதைக் காணப் பானகல் அரசர் இல்லை. முந்தைய ஆண்டு டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

சிபாரிசை ஒழிக்க வந்த மேசையிலும் சிபாரிசின் பழக்கங்கள் உட்கார்ந்துகொண்டன. 'அப்பா என்ன செய்கிறார்?' என்பது இன்றைக்கும் பல அறைகளில் முதல் கேள்வி. கேட்பவர் அன்பாகவே கேட்கலாம். கூலிக்காரர் மகனுக்கும் அதிகாரி மகளுக்கும் அது ஒரே கேள்வி அல்ல.

விடுதலைக்குப் பின் இந்த வட்டாரத்துக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் வந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு போயிற்று. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. சத்தியவேடுப் பகுதி ஆந்திரத்துக்குப் போனது; நகரியும் குப்பமும் ஆந்திரத்திலேயே நின்றன. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்கள் அரசு வேலைக்காகத் தெலுங்கில் எழுதவும், போர்டின் முன் பேசவும் வேண்டிவந்தது. தயாரிப்பு என்றால் அவர்களுக்கு முதலில் மொழித் தயாரிப்பு. எல்லையோர ஊர்க்காரர்களின் இந்த இரட்டை உழைப்பை வேலைத் தேர்வு பற்றிய நூல்கள் கண்டுகொள்வதில்லை என்பது என் நீண்டநாள் குறை.

திருத்தணியில் பிறந்து திருப்பதியின் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1948–49இல் பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்துக்குத் தலைமை ஏற்றார். அரசு நிர்வாகப் பணிகளுக்குப் பட்டத்தைக் கட்டாயமாக்க வேண்டாம், ஆளெடுப்புக்குத் தனித்தேர்வு நடத்துங்கள் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. நடந்தது வேறு. 1954இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் திறந்தது; பட்டதாரிகள் பெருகினார்கள்; பட்டம் வாசற்படியாகவே நீடித்தது, அதற்குப் பின்னே நேர்காணல் இரண்டாவது வாசலாக நின்றது.

அந்த இரண்டாவது வாசலின் அகலம் எவ்வளவு என்பதை நீதிமன்றங்கள் அளக்கத் தொடங்கியது 1960களில். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில், மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75ஐ நேர்காணலுக்கு ஒதுக்கியது அதிகம் என்று உச்சநீதிமன்றம் 1970இல் கருதியது. அந்த 75ஐத் தலைப்புவாரியாகப் பிரித்துப் போடவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது இரண்டு மூன்று நிமிடம். கேட்கப்பட்டவை பெரும்பாலும் பெற்றோரையும் ஊரையும் பற்றியவை என்பது மாணவர்களின் முறையீடு. நேர்காணலுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, முடிந்தால் உரையாடலை ஒலிப்பதிவு செய்யுங்கள் என்றது தீர்ப்பு. 1985இல் அரியானா வழக்கொன்றில் அந்த அளவு பொதுப் பிரிவினருக்கு 12.2 விழுக்காடாகக் குறைந்தது. இன்றைய இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025க்கு ஆளுமைத் தேர்வு 275, அதாவது ஏறக்குறைய 13.6 விழுக்காடு. அதைத் தாய்மொழியில் சந்திக்கவும் வழி இருக்கிறது. நகரியிலோ குப்பத்திலோ இருந்து தமிழில் எழுதுகிறவர் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

மதிப்பெண் சுருங்கியதால் தயாரிப்பு சுருங்கவில்லை. அதன் திசை மாறியது. உமேதுவார் மேலதிகாரியின் மனத்தைப் படித்தார். ஆணையக் காலத்தவர் பொது அறிவுப் புத்தகத்தைப் படித்தார். ஆளுமைத் தேர்வுக்குப் போகிறவர் தன் விண்ணப்பத்தையே படிக்க வேண்டியிருக்கிறது: எழுதிய ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. சொந்த ஊர் திருப்பதி என்று எழுதினால், திருமலைக்குக் கோடைக் கூட்டத்தில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கேட்கலாம். பதில் பாதியே தெரிந்தாலும் தெரிந்த பாதியை ஒழுங்காகச் சொல்லி, மிச்சம் தெரியாது என்று ஒப்புக்கொள்பவரைப் போர்டு தள்ளிவிடுவதில்லை. ஊகித்து அளப்பவரை அடுத்த கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும்.

2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணல் நீக்கப்பட்டது. ஆந்திர அரசும் 2021இல் தன் ஆணையத் தேர்வுகளிலிருந்து அதை நீக்க ஆணையிட்டது. ஆனாலும் குரூப் 1க்கு அது திரும்பி வந்து, 2023இல் நேர்காணல் நடந்தது. இதைத் தடுமாற்றம் என்று எளிதாகத் தள்ள நான் தயாரில்லை. ஆளை நேரில் பார்க்காமல் ஒரு கோட்டாட்சியரைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது உண்மையான கேள்வி.

அரசு ஒதுங்கிய இடத்தில் தனியார் நேர்காணல் வளர்ந்திருக்கிறது. கரகம்பாடியில் அமர ராஜா பேட்டரி ஆலை, 2008இல் தடா அருகே தொடங்கிய ஸ்ரீசிட்டி, வளாகத் தேர்வு நடக்கும் கல்லூரிகள் என எங்கும் 15 விழுக்காட்டு வரம்பு கிடையாது. நேர்காணலே முழுத் தேர்வாகவும் இருக்கலாம். ஆகவே கேள்விகளின் தரம் இங்கே கூடுதல் முக்கியம் பெறுகிறது. அமெரிக்க உளவியலாளர் சாக்கெட்டும் சக ஆய்வாளர்களும் 2022இல் பழைய ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கும் பிற்கால வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42, மனம்போனபடி பேசிப் பார்ப்பதற்கு 0.19தான். சிரஸ்தாரின் கண்ணுக்கும் எழுதிவைத்த கேள்வித்தாளுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சீராக அமைந்த நேர்காணலில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி, நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்பது. சூழல் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆயிற்று என்ற வரிசையில் இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். தறி ஓட்டும் வீட்டில் பிறந்த நகரிப் பெண்ணிடம் சொல்வதற்கு நிறையவே இருக்கும்: அறுந்த இழையைப் பிணைத்தது, ஆர்டர் தேதிக்குள் முடிக்க இரவெல்லாம் கண்விழித்தது, கூலிக் கணக்கில் பிழை கண்டுபிடித்தது. இவை வேலை அனுபவம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அவள் இவற்றை வீட்டில் தமிழிலும், தோழியிடம் தெலுங்கிலும், கண்ணாடி முன் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால், அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விக்கும் அவளிடம் தலைநிமிர்ந்த பதில் இருக்கும்.