அகழி மூடிய ஊரில் பூங்கா எங்கே?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போகிறவர்களில் பலருக்கு, அந்தத் தூண் யார் நினைவாக நிற்கிறது என்பது தெரியாது. 1840களில் பழைய கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக எழுப்பியது அது. மதிலை இடித்து அகழியை மூடியவர்களுக்கே அங்கே மனை கிடைத்தது. வெளி வீதிகளும், சர்வேயர் மாரட், பெருமாள் மேஸ்திரி பெயரிலான வீதிகளும் அப்படி வந்தவைதான்.

வியன்னாவும் 1858இல் தன் மதிலை இடிக்கத் தொடங்கியது. அங்கே அகலச் சாலையோடு 1862இல் நகரப் பூங்காவும் திறந்தது. மதுரையில் அகழி தெருவாகவும் மனையாகவும் முடிந்தது.

1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது. வைகைக்கு வடக்கே ஊர் பரவ, பச்சையும் அந்தக் கரையிலேயே சேர்ந்தது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் காந்தி அருங்காட்சியகம். அதைச் சுற்றியே ராஜாஜி பூங்கா, மாநகராட்சியின் சுற்றுச்சூழல் பூங்கா. தெற்கு மாசி வீதிக் குழந்தை ஊஞ்சலாட ஆற்றைத் தாண்ட வேண்டும்.

புறநகரில் திறந்த வெளி என்றால் கண்மாய்தான். அதிலும் கட்டடங்கள் புகுந்தன. 2004இல் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டதே உலகனேரிக் கண்மாய் இடத்தில்தான்.

சட்டமும் புது ஊருக்கே கை கொடுக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால் 10 சதவீத நிலத்தைப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும். மாநகராட்சி 100 வார்டாக விரிந்தபின் சேர்ந்த பகுதிகளுக்கு இது லாபம். நூற்றாண்டுக்கு முன்பே கட்டி முடிந்த சித்திரை வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் புதிதாக ஒதுக்க மனைப்பிரிவு ஏது?

அதனால் கிழக்கே திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளமே பலருக்குப் பூங்கா. வறண்ட காலங்களில் பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடினார்கள். பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகைத் தண்ணீர் விட்டபின், மாலையானால் கரையெல்லாம் நடப்பவர்களும் சுண்டல் வண்டிகளும்தான்.

வெளி வீதிகளுக்கு உள்ளேயே இன்னொரு குளம் இருக்கிறது. டவுன்ஹால் ரோட்டில், கூடலழகர் பெருமாள் கோயில் தெப்பக்குளம். சுற்றிலும் கடைகள் மறைத்து நிற்பதால், வாசலில் பேரம் பேசுகிறவருக்கே பின்னால் குளம் இருப்பது தெரிவதில்லை. பழைய ஊருக்குள் பூங்காவுக்கு இடம் தேடுகிறவர்கள் முதலில் அளக்க வேண்டியது அந்த நான்கு கரைகளைத்தான்.