டர்போ பொறிகளின் அமுக்க விகிதம்

அமுக்க விகிதம் என்பது, உள்ளெரி பொறியின் உருளையில் பிஸ்டன் அடிநிலையில் இருக்கும்போதுள்ள கனவளவுக்கும், அது உச்சநிலையில் இருக்கும்போது எஞ்சும் கனவளவுக்கும் இடையிலான விகிதம் ஆகும். பிஸ்டன் கடக்கும் கனவளவு 500 கன செ.மீ., உச்சத்தில் எஞ்சும் இடம் 62.5 கன செ.மீ. எனில், விகிதம் 562.5 / 62.5, அதாவது 9:1 ஆகும். நாள்தோறும் ஓட்டப்படும் டர்போ பெட்ரோல் கார்களில் இவ்விகிதம் எரிபொருள் சிக்கனத்தையும் பொறியின் ஆயுளையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

== தட்டல் ==

விகிதம் கூடினால் வெப்பத் திறன் கூடும். கோட்பாட்டு ஆட்டோ சுழற்சியில் 8:1 விகிதத்துக்கு 56.5 விழுக்காடும், 10:1 விகிதத்துக்கு 60.2 விழுக்காடும் கிடைக்கும். உண்மைப் பொறிகளில் இவை மிகக் குறைவு. ஆயினும் போக்கு ஒன்றே.

டர்போசார்ஜர் காற்றை முன்னரே அமுக்கிச் சூடாக்கி அனுப்புகிறது. பிஸ்டன் அதனை மேலும் அமுக்கும்போது, தீப்பொறியிலிருந்து பரவும் சுடர் வந்து சேருமுன் மீதமுள்ள கலவை தானே பற்றிக்கொள்ளக்கூடும். இதுவே தட்டல் எனப்படுகிறது. கடுமையான தட்டல் பிஸ்டனில் வளையங்கள் அமரும் விளிம்புகளை உடைத்துவிடும்.

== வரலாறு ==

1962 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இரு டர்போ கார்களை வெளியிட்டது. செவ்ரோலே கோர்வேர் மொன்சா ஸ்பைடரின் விகிதம் 8:1. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரின் விகிதமோ 10.25:1. தட்டலைத் தடுக்க, ஜெட்ஃபயரில் நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் பொறிக்குள் தெளிக்கப்பட்டது. பெட்ரோலுடன் இன்னொரு திரவத்தையும் நிரப்பவேண்டும் என்பதைப் பல உரிமையாளர்கள் கவனிக்கவில்லை. திரவம் தீர்ந்தால் டர்போ அழுத்தம் மட்டுப்படுத்தப்பட்டு வலு குறைந்தது. ஜெட்ஃபயர் 1963 உடன் நின்றது. கோர்வேரின் டர்போ வகை 1966 வரை நீடித்தது.

1978 இல் வந்த சாப் 99 டர்போ 7.2:1 என்ற மிகத் தாழ்ந்த விகிதத்தைக் கொண்டிருந்தது.

== அன்றாடக் காருக்கான தெரிவு ==

நகரச் சாலையில் டர்போ பெரும்பாலான நேரம் குறிப்பிடத்தக்க அழுத்தம் தருவதில்லை. அப்போது பொறி தன் அமுக்க விகிதத்தை மட்டுமே நம்பியுள்ளது. எனவே பாதுகாப்பு கருதி விகிதத்தை மிகவும் தாழ்த்தினால் கார் மந்தமாகவும் எரிபொருளை விழுங்குவதாகவும் ஆகிவிடும்.

விகிதத்தை மொத்த அழுத்தத்தால் பெருக்கி வரம்பு காணும் வழக்கம் உண்டு. 8.5:1 விகிதமும் 0.7 பார் மிகையழுத்தமும் சேர்ந்தால் ஏறத்தாழ 14.5 வரும். இக்கணக்கு காற்றின் வெப்பநிலை, ஆக்டேன் எண், தீப்பொறி நேரம் ஆகியவற்றைப் பொருட்படுத்தாததால் அதிகம் நம்பத்தக்கதன்று. நல்ல இடைக்குளிர்விப்பான் உள்ள பொறியும் இல்லாத பொறியும் ஒரே எண்ணைக் காட்டும். தட்டுவது ஒன்றாகவே இருக்கலாம்.

உறிஞ்சு குழாயில் எரிபொருள் தெளிக்கும் பொறிகளுக்கு 8.5 முதல் 9 வரை பொதுவாகப் பொருந்தும். உருளைக்குள் நேரடியாகத் தெளிக்கும்போது எரிபொருள் ஆவியாகிக் கலவையைக் குளிர்விப்பதால் மேலும் உயர்த்தலாம்: ஃபோர்டின் 1.0 லீட்டர் ஈக்கோபூஸ்ட் 10:1, மாஸ்டாவின் 2.5 லீட்டர் டர்போ 10.5:1.

கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பெட்ரோலுக்கன்றி, வழியில் நிரப்ப நேரிடும் மிகத் தாழ்ந்த பெட்ரோலுக்கே விகிதத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். தட்டல் உணரி தீப்பொறியைத் தாமதப்படுத்திப் பொறியைக் காக்கும். ஆனால் வலு குறைந்து, வெளியேறும் வாயுவின் வெப்பம் கூடும்.

விகிதத்தைக் குறைக்கத் தடித்த ஹெட் கேஸ்கெட் இடுவது மலிவான வழி. எனினும் அது பிஸ்டன் விளிம்புக்கும் உருளைத் தலைக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியைப் பெரிதாக்கி, கலவையின் சுழற்சியைக் கெடுத்து, தட்டலுக்கே துணைபோகக்கூடும். மேற்புறம் குழிவான பிஸ்டன் இக்குறையற்றது.

== மாறும் விகிதம் ==

நிசான் நிறுவனத்தின் வி.சி. டர்போ பொறி, நெம்புகோல் அமைப்பின் மூலம் பிஸ்டனின் உச்சநிலையை மாற்றி, விகிதத்தை 8:1 முதல் 14:1 வரை ஓட்டத்தின்போதே மாற்றிக்கொள்கிறது. இது 2018 இல் இன்ஃபினிட்டி கியூ.எக்ஸ். 50 காரில் விற்பனைக்கு வந்தது.