காய்ந்த கண்மாயும் சீறாவின் மழையும்

காரியாபட்டி வழியே தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில், அருப்புக்கோட்டையையும் பந்தல்குடியையும் கடந்தால் எட்டயபுரம் வரும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பது அவ்வூரில்தான். வள்ளல் சீதக்காதியின் ஊக்கத்தால் தொடங்கி, அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் வளர்ந்த அக்காப்பியம் மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்டது. 1842இல் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அச்சேற்றும் வரை ஏட்டுச்சுவடிகளிலேயே வாழ்ந்தது.

பள்ளிப் பருவத்தில் அதனைத் தேர்வுக்காகப் படித்தோம். அருஞ்சொற்பொருளில் பாதி இன்றும் நினைவிலிருக்கிறது, பாடல்கள்தாம் இல்லை. பின்னர், நான்கு வரலாற்று நூல்களைக் கற்ற செருக்கோடு திறந்தோம். நாட்டுப் படலத்தில் மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயல்களில் நெல் விளைகிறது. அரபு மணலில் ஏது நடவு என்று நகைத்தோம். தமிழ்க் காப்பிய மரபின்படி, தம் மண்ணின் வளத்தையெல்லாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாட்டுக்கு உரித்தாக்கிய புலவரின் அன்பு அன்று நம் கண்ணில் படவில்லை.

மழை பொய்த்த ஓர் ஆண்டு. கண்மாய் வெடித்துக் கிடந்தது. மழை வேண்டித் தொழுதுவிட்டுத் திரும்பிய அன்று மாலை அதே படலத்தை எடுத்தோம். நீர் புரண்டோடும் பாடல்களை வாசிக்கையில் தொண்டை அடைத்தது. நூலில் ஓரெழுத்தும் மாறியிருக்கவில்லை.

இதனினும் பெரிய சான்று உமர் (ரலி) அவர்களின் வரலாறு. இப்னு இஸ்ஹாக் வழி வரும் அச்செய்தியைப் புலவரும் நுபுவ்வத்துக் காண்டத்தில் பாடியுள்ளார். வாளேந்திப் புறப்பட்டவர், வழியில் கேள்வியுற்ற செய்தியால் சகோதரி பாத்திமா (ரலி) அவர்களின் இல்லம் சென்றார். உள்ளே தாஹா அத்தியாயம் ஓதப்படும் ஒலி கேட்டது; அது அவருக்குச் சினத்தையே மூட்டியது. மைத்துனரைத் தாக்கினார். தடுக்க வந்த சகோதரிக்கு இரத்தம் வழிந்தது. அதைக் கண்டு வருந்தி, ஓதிய ஏட்டைக் கேட்டார். பாத்திமா (ரலி) உடனே கொடுத்துவிடவில்லை. குளித்துத் தூய்மையாகி வரச் சொன்னார்.

இவ்விடத்தைக் கடக்க நமக்கு எப்போதும் நேரமாகிறது. வாசலில் கேட்டதும் அதே அத்தியாயம்தான். இடையில் நிகழ்ந்தவை ஒரு வருத்தமும் ஒரு குளியலும். தொடக்கத்தை ஓதிய அளவிலேயே அச்சொல்லின் அழகை வியந்தார். உள்ளே ஒளிந்திருந்த கப்பாப் (ரலி) வெளியே வந்தார். நபியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உமர் (ரலி) அவரிடம் கேட்டார்.