தென்னாப்பிரிக்கா கைவிட்ட அணுகுண்டுகள்



பூனையையும் அறைக்குள் அடைத்து அடித்தால் புலியாகச் சீறும் என்பார்கள். உலகம் ஒதுக்கி வைத்த நாடு ஏன் அணுகுண்டைத் தேடுகிறது என்ற கேள்விக்கு இது பாதி விடை. மீதி விடையைத் தென்னாப்பிரிக்காவின் வரலாற்றில் காணலாம்.

அங்கே ஆட்சி செய்த வெள்ளையர் அரசு கறுப்பின மக்களுக்குச் சம உரிமை மறுத்தது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழிவந்தோருக்கும் அதே கதிதான். எனவே உலக நாடுகள் அதனை விலக்கின. ஐக்கிய நாட்டு நிறுவனம் 1977இல் அதற்கு ஆயுதம் விற்கத் தடை விதித்தது. அருகிலிருந்த அங்கோலாவிலோ 1975 முதல் கியூபாவின் படைகள் நின்றன. கதவைச் சாத்திக்கொண்டது அந்த அரசேதான். ஆயினும் அதன் அச்சம் உண்மையானது.

அவ்வரசு இரகசியமாக ஆறு அணுகுண்டுகளைச் செய்தது. எதிரியின்மேல் வீசுவதைவிட, ஆபத்து வேளையில் குண்டைக் காட்டி மேல்நாடுகளை உதவிக்கு வரச் செய்வதே அதன் திட்டம்.

1977இல் கலகாரிப் பாலைவனத்தில் சோதனைக்குத் தோண்டிய குழிகளைச் சோவியத் துணைக்கோள் கண்டுபிடித்தது. வல்லரசுகள் நெருக்கியதால் சோதனை நின்றது. குண்டு செய்யும் வேலை நிற்கவில்லை.

பின்னர் பேச்சுவார்த்தை கைகொடுத்தது. 1988 டிசம்பரில் நியூயார்க்கில் அங்கோலா, கியூபா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்றும் உடன்பாடு கண்டன. கியூபாப் படைகள் திரும்பவும், நமீபியா விடுதலை பெறவும் வழி பிறந்தது. மறு ஆண்டு பதவிக்கு வந்த டி கிளார்க் குண்டுகளைக் கலைக்க முடிவு செய்தார். 1990இல் நெல்சன் மண்டேலாவை விடுவித்தார். 1991இல் நாடு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993 மார்ச்சில் குண்டுகளின் இரகசியத்தை நாடாளுமன்றத்தில் அவரே வெளியிட்டார். அனைத்துலக அணுசக்தி நிறுவனத்தார் கணக்குகளையும் கூடங்களையும் சோதித்து, குண்டுகள் கலைக்கப்பட்டதை உறுதி செய்தனர்.

வரவிருந்த கறுப்பின அரசின் கையில் குண்டு சேரக்கூடாதென்ற எண்ணமும் இதில் இருந்தது என்பாரும் உண்டு. எப்படியாயினும், சொந்த மக்கள் உரிமை கேட்டெழுந்தபோது அந்த ஆறு குண்டுகளாலும் பயனில்லை.

நேயர்களே, தடை வேண்டியதுதான். ஆனால் தடையோடு, திருந்தினால் திரும்பி வரலாம் என்ற வழியும், வாக்கைச் சோதித்தறியும் ஏற்பாடும் வேண்டும். அச்சம் குறைந்த பிறகே ஆயுதம் கீழே இறங்கியது.