உயர்த்திய ஜீப் செரோக்கிக்கு மாற்று ஷாக் அப்சார்பர்

ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே 1984 முதல் 2001 வரையிலான மாடல்களாக அமெரிக்காவில் விற்கப்பட்ட நான்கு சக்கர இயக்க வண்டி. ஒஹையோ மாநிலம் டொலிடோ ஆலையில் தயாரானது. இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியும் சட்டமும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். முன்னால் காயில் ஸ்பிரிங்கும் பின்னால் லீஃப் ஸ்பிரிங்கும் உண்டு. முன்னும் பின்னும் முழு ஆக்சில். எடை குறைவு, 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் எளிதில் சாகாது, பழைய வண்டி மலிவாகக் கிடைக்கும். இந்தக் காரணங்களால் யூட்டா மாநிலத்தின் மோவாப் பாறைகளிலும் கலிபோர்னியாவின் ரூபிகான் தடத்திலும் கையில் காசு குறைந்தவர்களின் வண்டியாக இது நிலைபெற்றது. வாங்கியவர்கள் பெரிய டயர் போட இடம் வேண்டி வண்டியை 3, 4½ அல்லது 6½ அங்குலம் உயர்த்துவார்கள். அத்தோடு பழைய ஷாக் அப்சார்பரின் நீளம் போதாமல் போய்விடும்.

வண்டியை உயர்த்துவதும் எடையைத் தாங்குவதும் ஸ்பிரிங்கின் வேலை. ஸ்பிரிங் ஆடும்போது அந்த ஆட்டத்தின் ஆற்றலை எண்ணெயின் வழியே வெப்பமாக்கிக் கழிப்பது ஷாக்கின் வேலை. சற்று விறைப்பான ஷாக் போட்டால் வண்டி உயரும் என்பது பரவலான தவறான எண்ணம். உயர் அழுத்த வாயு அடைத்த ஷாக் மட்டும் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். 14 மில்லிமீட்டர் தண்டும் 25 வளிமண்டல அழுத்தமும் என்றால் அந்தத் தள்ளுவிசை 40 கிலோவுக்கும் குறைவு. அதை நம்பி உயரத்தைத் திட்டமிட முடியாது.

நீளமே முதல் கணக்கு

மலிவான ஷாக் தேடுபவர் முதலில் பிராண்டைப் பார்க்கிறார், பிறகு விலையைப் பார்க்கிறார். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு அளவுகள்: முழுக்க அமுங்கியபோது உள்ள நீளம், முழுக்க நீண்டபோது உள்ள நீளம். பெட்டியின் மேல் "3 அங்குல லிஃப்டுக்கு" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஒரே 3 அங்குலத்தை ஒருவர் புது ஸ்பிரிங் போட்டு அடைந்திருப்பார், இன்னொருவர் பழைய ஸ்பிரிங்கின் மேல் ஸ்பேசர் வைத்து அடைந்திருப்பார். இரண்டு வண்டிகளிலும் ஆக்சில் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஒன்றாக இருக்காது.

ஷாக் நீளம் குறைந்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆக்சிலின் முழுப் பாரமும் ஷாக்கைப் பிடித்து இழுக்கும். சீல் கிழியும், மேல் புஷ் பிய்ந்துபோகும். நீளம் கூடினால் நிலைமை இன்னும் மோசம். சக்கரம் மேலேறும்போது, ஆக்சிலின் மேல்நோக்கிய ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் முட்டிவிடும். அந்த அடி பாடியில் வெல்டிங் செய்த இருப்பிடத்துக்கு நேராகப் போகும். தனிச் சட்டம் இல்லாத வண்டியில் அந்தச் சேதத்தைச் சரிசெய்வது ஷாக்கின் விலையைவிடப் பல மடங்கு செலவு.

அளவெடுக்க வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சட்டத்தை ஸ்டாண்டில் தாங்கி, பழைய ஷாக்கைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பையும் அவிழ்த்துவிட வேண்டும், ஏனென்றால் பாறைத் தடத்தில் பலரும் அதை அவிழ்த்துவிட்டே ஓட்டுகிறார்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் ஆக்சில் எதுவரை தொங்குகிறதோ அங்கே மேல் இருப்பிடத்துக்கும் கீழ் இருப்பிடத்துக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஜாக்கியால் ஆக்சிலை ஏற்றி, பம்ப் ஸ்டாப் நன்றாக அமுங்கும் நிலையில் இன்னொரு முறை அளக்க வேண்டும். வண்டியின் எடை ஜாக்கியில் ஏறி ஸ்டாண்டிலிருந்து பாடி கிளம்பாதபடி பார்த்துக்கொள்வது அவசியம். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றிவைத்தால் இந்த அளவு எளிது. மேலே 14½, கீழே 24 அங்குலம் என்று வந்தால், அமுங்கிய நீளம் 14-ஐ ஒட்டியும் நீண்ட நீளம் 24-ஐச் சற்றுத் தாண்டியும் உள்ள ஷாக் பொருந்தும்.

கைக்கெட்டும் விலையில் அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் பம்ப் ஸ்டாப்பை நீட்டிக்கொள்ளலாம். செரோக்கிக்காரர்களின் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் ரப்பர் வில்லை சரியாக 1 அங்குலத் தடிமன். அதில் துளை போட்டு, காயில் ஸ்பிரிங்கின் கீழ்த் தட்டில் போல்ட் போட்டுப் பிணைத்துவிடுவார்கள். வில்லை ஒன்று சேர்ந்தால் ஆக்சிலின் மேல்நோக்கிய ஓட்டத்தில் 1 அங்குலம் குறையும், ஷாக் முட்டாது. சில டாலரில் முடிகிற வேலை இது. விலையுயர்ந்த ஷாக்கையும் காப்பாற்றக்கூடியது.

ஒற்றைக் குழாய், இரட்டைக் குழாய்

மலிவான ஷாக்குகளில் பெரும்பாலானவை இரட்டைக் குழாய் வகை. உள் குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக் குழாயில் மீதி எண்ணெய் இருக்கும். தொடர்ந்து வேகமாக அடிபட்டால் எண்ணெயும் வாயுவும் கலந்து நுரைக்கும், தணிக்கும் திறன் குறையும். ஒற்றைக் குழாய் வகையில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று எண்ணெயையும் உயர் அழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைக்கிறது. குழாயின் சுவரே காற்றில் படுவதால் வெப்பம் சீக்கிரம் வெளியேறும். பிரான்சின் தெ கார்போன் என்பவர் உருவாக்கிய இந்த அமைப்பை ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1957-இல் மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் அது இடம்பெற்றது.

அதனால் ஒற்றைக் குழாயே எப்போதும் மேல் என்று முடிவுகட்ட முடியாது. மெல்ல ஊர்ந்து ஏறும் பாறைத் தடத்தில் ஷாக் அவ்வளவாகச் சூடாவதில்லை. அங்கே பெரிய ஆபத்து பாறை உரசுவது. இரட்டைக் குழாயின் வெளிச்சுவர் நசுங்கினாலும் பிஸ்டன் ஓடிக்கொண்டிருக்கும். ஒற்றைக் குழாயில் ஒரு நசுங்கல் போதும், பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். வரிவரியாக அலை விழுந்த மண்சாலையில் மணிக்கணக்காக வேகமாக ஓட்டுபவருக்கு ஒற்றைக் குழாய்தான் சரி. ராஞ்சோ ஆர்எஸ்5000, ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு ஆகியவை இரட்டைக் குழாய் வகை. பில்ஸ்டைன் 5100 ஒற்றைக் குழாய் வகை. ராஞ்சோ ஆர்எஸ்9000 வரிசையில் விறைப்பை ஒன்பது நிலைகளில் மாற்றும் திருகு உண்டு. டயரையும் பம்பரையும் பிறகு மாற்றத் திட்டமிட்டிருப்பவருக்கு அது பயன்படும். தனி எண்ணெய்க் கலம் வைத்த ஷாக்குகள் பாலைவனப் பந்தயத்துக்கானவை. 3 அங்குலம் உயர்த்தி 31 அங்குல டயர் போட்ட செரோக்கிக்கு அவற்றில் பணம் போடுவது வீண்.

நான்கையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதவர் முன் ஜோடியில் தொடங்கலாம். பின்னால் உள்ள லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதாலேயே ஆட்டம் ஓரளவு அடங்கிவிடும். முன்னால் உள்ள காயிலுக்கு அந்த உதவி இல்லை, அங்கே முழுச் சுமையும் ஷாக்கின் மேல்தான். ஆனால் ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் புதிது, மறு பக்கம் பழையது என்று போடக் கூடாது.

இன்னொன்று. உயர்த்திய செரோக்கியில் குறிப்பிட்ட வேகத்தில் முன் ஆக்சிலும் ஸ்டீயரிங்கும் கட்டுக்கடங்காமல் உதறுவது உண்டு. அதற்குப் புது ஷாக் மருந்தாகாது. டிராக் பாரின் தேய்ந்த முனை, பால் ஜாயின்ட், கண்ட்ரோல் ஆர்ம் புஷ், வீல் பேலன்ஸ் இவற்றைப் பார்க்காமல் ஷாக்குக்குச் செலவழித்தவர்கள் ஏராளம்.

மாட்டும் வேலை

முன் ஷாக்கின் மேல்முனை தண்டு வடிவம். பானெட்டைத் திறந்து மேலிருந்து நட்டைக் கழற்ற வேண்டும். கீழ்முனையில் குறுக்குக் கம்பி, இரண்டு போல்ட். பின் ஷாக்கில் குறுக்குக் கம்பி மேலே இருக்கும். கீழே ஸ்பிரிங் தட்டின் கட்டையில் வளையம் மாட்டும். வாங்கும்போது நீளத்தோடு இந்த முனைகளும் பொருந்த வேண்டும். பின் ஷாக்குகள் உட்புறமாகச் சாய்ந்தே நிற்கின்றன. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்தால் சக்கரத்துக்குக் கிடைக்கும் தணிப்பு முக்கால் பங்காகக் குறையும். மேல் இருப்பிடத்தை இஷ்டப்படி நகர்த்துபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வண்டியில் பேர்போன தொல்லை பின் ஷாக்கின் மேல் போல்ட்டுகள். அவை ஏறும் நட்டுகள் சட்டத்தின் உள்ளே வெல்டிங் செய்யப்பட்டவை. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் அவை துருவேறி ஒட்டியிருக்கும், ஸ்பேனரை வேகமாகத் திருப்பினால் போல்ட் தலை முறிந்து கையோடு வரும். சில நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, கால் சுற்று அவிழ்த்து, அரைக்கால் சுற்று திருப்பி முடுக்கி, மீண்டும் அவிழ்த்து என்று பொறுமையாகப் போக வேண்டும். அப்படியும் முறிந்தால், மீதியை நட்டோடு சேர்த்துத் தட்டிப் பெயர்த்து, புது நட்டை உள்ளே செலுத்திப் பிடித்துக்கொண்டு முடுக்குவதே வழி.

வாயு இல்லாத இரட்டைக் குழாய் ஷாக்கை மாட்டுவதற்கு முன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுக்க இழுத்து அமுக்கினால் உள்ளே சிக்கிய காற்று மேலேறிவிடும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி நான்கு சக்கரத்திலும் நின்ற பிறகே கடைசியாக முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். முதல் தடப் பயணம் முடிந்ததும் எல்லா போல்ட்டுகளிலும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்து, ஷாக்கின் தண்டில் எண்ணெய்க் கசிவோ, பாடியில் உரசிய தடமோ இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.